மிளகு குடோனும் ஒரு தலையணையும்

மூன்று வாரமாக என் வீட்டில் எனக்குத் துரோகி என்று பெயர்.

நான் யாருடைய நிலத்தையும் எழுதி வாங்கவில்லை. யாரைப் பற்றியும் கோள் சொல்லவில்லை. குற்றச்சாட்டு இதுதான் — நாலு பேர் சேர்ந்து பார்த்துப் பாதியில் நிறுத்தி வைத்திருந்த ஒரு படத்தின் மீதியை, மற்ற மூன்று பேருக்கும் தெரியாமல் நான் மட்டும் பார்த்துவிட்டேனாம்!

இதற்கா துரோகி என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் எப்படியோ... எங்கள் வீட்டில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வழக்கு முடிந்தது. நான் நிரபராதி என்று தீர்ப்பு. என்னைக் காப்பாற்றிய சாட்சி ஒரு தலையணை. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி வசந்தாவின் அண்ணன் ராஜமாணிக்கம். எனக்கு மச்சான். மங்கலம்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் யாருடைய போர் மோட்டார் புகைந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். ஆறடி உயரம். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தது வசந்தா மட்டும்தான். அவருக்கு இவள், இவளுக்கு அவர். பிறந்த வீடு என்று இருவருக்கும் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

போன மாதம் கடையில் ஒரு மோட்டாரைத் தூக்கும்போது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. கடலூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் சிதம்பரத்தில். எங்கள் வீடும் சிதம்பரத்தில்தான். அதற்கு முன்னால் மூன்று நாள் டெஸ்ட்டுகள் இருந்தன. நெஞ்சு வலிக்காரர் தினம் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போக முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ரெக்ஸின் பையோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்.

“என்ன மச்சான், எப்படி இருக்கீங்க?”

“எனக்கு என்னா மாப்ள? கால்ல இருந்து ஒயர உருவி நெஞ்சுல கட்டப் போறாங்க. நாம தெனம் பண்ற வேலதான். நாம மெயின ஆஃப் பண்ணிட்டுதான கட்டுவோம்? அவுங்களும் ஆஃப் பண்ணிட்டுத்தான் கட்டுவாங்களாம். கட்டி முடிச்சதும் ஆன் ஆயிடும்னு சொல்றாங்க!”

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். வசந்தா மட்டும் சிரிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டிருந்தோம். யாருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை. ஆபரேஷனைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியாத வீட்டில், ஆபரேஷனைப் பற்றிப் பேசக் கூடாது என்றால் என்ன பேசுவது? வசந்தா என் மகள் நிவேதாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு உத்தரவு போட்டாள்.

“டி.வி-ல ஏதாவது ஒரு படம் போடுடி. சாவு இல்லாத படமா பாத்துப் போடு. ஆஸ்பத்திரி வரக் கூடாது. யாரும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழக் கூடாது.”

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதா? நீங்களும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். திறந்தவுடன் பிணம். அடுத்ததைத் திறந்தால் பிணத்தைச் சுற்றிப் போலீஸ். குடும்பப் படம் என்று போட்டால் முதல் காட்சியிலேயே அப்பா இருமுகிறார்... இரும ஆரம்பித்த அப்பா இடைவேளையைத் தாண்டுவாரா? காதல் படத்தில் ஆஸ்பத்திரி இல்லாமல் இருக்கிறதா? நிவேதா அரை மணி நேரம் ரிமோட்டோடு போராடினாள். நம் ஆட்கள் பொழுதுபோக்குக்காக எத்தனை பேரைச் சாகடிக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. வெளிநாட்டுப் படம், தமிழில் டப்பிங். ஒற்றர் படம், அடிதடி, காமெடி.

“சண்ட இருக்குதும்மா. ஆனா சாவு இல்ல. அடி வாங்கினவன் எல்லாம் எழுந்து பேண்ட்டத் தட்டி விட்டுக்கிறான்.”

வசந்தா அனுமதி கொடுத்தாள்.

கதை என்ன தெரியுமா? ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் ஒற்றர். துப்பாக்கி சுடுவதில் கில்லாடி. சுவர் ஏறுவதில் கில்லாடி. ஒரே ஒரு குறை — அந்த அம்மாவுக்குத் தூசி ஆகாது. எதிரியின் வீட்டுக்குள் பூனை மாதிரி நுழைவார். அலமாரியைத் திறப்பார். ‘அச்ச்!’ மொத்தக் காவலாளிகளும் எழுந்துவிடுவார்கள். கூடவே ஒரு டாக்ஸி டிரைவர். ஒற்று வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. தப்பான ஆளை ஏற்றிவிட்ட பாவத்துக்கு மூன்று நாடுகள் சுற்ற வேண்டியதாகிறது.

வில்லன் இன்னும் அருமை. உலகத்தையே ஆட்டிப் படைக்கிறவர், டாக்டர் சொன்னார் என்பதற்காகப் பத்தியத்தில் இருக்கிறார். எதிரில் எல்லோரும் கறி சாப்பிடுகிறார்கள். அவர் தட்டில் வேகவைத்த கீரை. அந்த எரிச்சலில்தான் உலகத்தை அழிக்கிறார் என்று நினைக்கிறேன்.

டப்பிங்கில் அந்த வில்லனுக்குப் பக்கா சென்னைத் தமிழ் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் பனி கொட்டுகிறது, மனிதர் கோட்டும் சூட்டுமாக நின்றுகொண்டு, “இன்னாபா, இதான் சாப்பாடா?” என்கிறார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் தட்டிலும் அன்று உப்பில்லாத கீரைதானே!

“அவன் சொல்றது நியாயந்தான? இதத் தின்னா எவனுக்கும் கோவம் வரும்!”

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் வசந்தா அடுப்படியை விட்டு வந்து உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும், நிவேதா நிறுத்தினாள். அவளுக்கு மறுநாள் வேலை. கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி லேபில் இருக்கிறாள். விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்தால் திரும்பி வர சாயங்காலம் ஏழு ஆகிவிடும். கடலூரிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளில் வீட்டுக்குள் நுழையும்போதே முகம் சிரித்தபடி இருக்கும். மாமாவுக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு, மாத்திரை, படுக்கை. ஆக, தினம் ஏழிலிருந்து எட்டுக்குள் பார்த்தால்தான் உண்டு.

அப்போதுதான் மச்சான் சட்டம் போட்டார்.

“இங்க பாருங்க. நாலு பேரும் உக்காந்தாத்தான் படம் ஓடணும். ஒருத்தர் கொறஞ்சாலும் ஓடக் கூடாது. யாரும் திருட்டுத்தனமா முன்னாடி பாக்கக் கூடாது. பாத்துட்டு வந்து கதய சொல்றவன் மொகத்துலயே நான் முழிக்க மாட்டேன்.”

மச்சானுக்குச் சினிமா விஷயத்தில் இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள மாட்டார். இன்னொன்று, எவ்வளவு மட்டமான படமாக இருந்தாலும் பாதியில் எழுந்து போக மாட்டார். விருத்தாசலத்தில் ஒரு தியேட்டரில், அவரும் நானும் டிக்கெட் கிழிக்கிறவரும் மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்த படம் ஒன்று உண்டு. நான் கிளம்பலாம் என்றபோது, “எடுத்தவன் முடிச்சி வெச்சிருக்கான் மாப்ள, நாம பாத்து முடிக்க வேணாமா?” என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வீடு இயங்கியது என்று சொல்லலாம். பகலெல்லாம் ஆஸ்பத்திரி, ரத்தம், எக்ஸ்-ரே, எக்கோ. வரிசையில் நிற்கும்போது, “அந்த டிரைவரு கப்பல்ல எப்படி மாப்ள தப்பிப்பான்?” என்று மச்சான் கேட்பார். அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ எங்கள் சொந்தக்காரப் பையன் கப்பலில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துப் பதறினார்.

இந்த மாதிரிப் படங்களை நாம் ‘டைம் பாஸ்’ என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். நானே தள்ளியிருக்கிறேன், பேப்பரில் நான் எழுதும் இதே பத்தியில். மன்னிக்க வேண்டும். ஒரு ஆளை அடித்து விழ வைப்பது சுலபம். அவன் விழுவதைப் பார்த்து நெஞ்சு வலிக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும், விழுந்தவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்ற நம்பிக்கையும் அவருக்கு இருக்க வேண்டும்... அது லேசான வேலையா? சமையல்கட்டில் நடக்கும் ஒரு சண்டையில் இருபது தட்டுகள் பறக்கின்றன, ஒன்று கூட உடையவில்லை. டிரைவர் ஓடி ஓடி ஒவ்வொன்றாகப் பிடித்து அடுக்குகிறார். அந்த ஒரு காட்சிக்காக எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள்! முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கு என் மனமார்ந்த கும்பிடு.

செவ்வாய்க்கிழமை நிறுத்திய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உலகத்தை அழிக்கும் கருவியை வில்லன் ஒரு மிளகு குடோனில் ஒளித்து வைத்திருக்கிறார். மலை மலையாக மிளகு மூட்டைகள். ஒரு தூசிக்கே தும்முகிற அம்மா, குடோன் கதவில் கை வைக்கிறார். உள்ளே இருபது பேர் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள். மணி எட்டு. நிறுத்திவிட்டோம். இன்னும் இருபது நிமிடப் படம்தான் பாக்கி.

“நாளைக்கு முடிச்சிரலாம் மாமா” என்றாள் நிவேதா. வியாழக்கிழமை அட்மிஷன். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

புதன்கிழமை ஏழு மணி. நாலு பேரும் உட்கார்ந்தோம். நிவேதா டி.வி.யைப் போட்டாள். நிறுத்திய இடத்திலிருந்து தொடர வேண்டிய படம், ‘மறுபடியும் பார்க்கிறீர்களா?’ என்று கேட்டது.

“யாரோ முழுசா பாத்திருக்காங்க!”

நிவேதா திரும்பிப் பார்த்தாள். யாரை? என்னைத்தான். அவள் செம்மங்குப்பத்தில். வசந்தா பள்ளிக்கூடத்தில் டீச்சர், அன்று நாலரை வரை வகுப்பு. காலையில் டெஸ்ட்டுகளை முடித்துக்கொண்டு வந்து மத்தியானம் வீட்டில் இருந்தது நானும் மச்சானும். சட்டம் போட்டவரையே சந்தேகப்பட முடியுமா? மிச்சம் யார்?

“ரெண்டுலேருந்து மூணர வரைக்கும் நான் தூங்குவேன்னு ஊருக்கே தெரியும்!” என்றேன்.

“தூங்கினதுக்கு சாட்சி யாருங்க?” என்றாள் வசந்தா.

தூங்குகிற மனிதன் சாட்சிக்கு எங்கே போவான்? மச்சானைப் பார்த்தேன்.

“நான் மாத்திர போட்டுக்கிட்டு ரூம்ல படுத்துட்டேம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, “மாப்ள எழுதுறவரு ஆச்சே... முடிவு தெரியலன்னா அவருக்குக் கை ஓடாது” என்று வேறு ஒரு ஆணி அடித்தார்!

நிவேதாவின் தோழி ஒருத்தியிடம் எங்கள் பாஸ்வேர்டு இருக்கிறது, அவள் பார்த்திருப்பாள் என்று நான் வாதாடினேன். நிவேதா அந்த இடத்திலேயே தோழிக்கு போன் போட்டாள். பரீட்சை நேரம், இரண்டு வாரமாக எதையும் திறக்கவே இல்லை என்று பதில் வந்தது. வழக்கு முடிந்தது. ஆயுள் தண்டனை.

“சரி போவட்டும், மீதியப் பாத்துருவோம்” என்றாள் நிவேதா. வசந்தா அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

“வேணாம். இப்ப பாக்க வேணாம். அண்ணன் ஆபரேஷன் முடிஞ்சி வீட்டுக்கு வரட்டும். நாலு பேரும் உக்காந்து பாக்கலாம்.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் குரலே சொல்லிவிட்டது. படத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகாத மனிதர். அவருக்கு ஒரு பாதிப் படத்தை பாக்கி வைத்து அனுப்பினால் திரும்பி வந்துவிடுவார் என்று அவளுக்கு ஒரு கணக்கு. படித்தவள்தான், கணக்கு டீச்சர்தான். ஆனாலும் அன்றைக்கு அவளிடம் வேறு எந்தக் கணக்கும் இல்லை.

மச்சான் தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சரிம்மா, நீ சொல்ற மாதிரியே வெச்சிக்கலாம்” என்று எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வசந்தா கேண்டீனுக்குப் போயிருந்த நேரம், மச்சான் என் கையைப் பிடித்தார்.

“மாப்ள, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். மனசு கேக்கல.”

கடையை யாருக்கு எழுதி வைப்பது, தங்கைக்கு என்ன செய்வது என்று ஆரம்பிக்கப் போகிறாரோ? அதையெல்லாம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அந்த நேரம் பார்த்து நர்ஸ் பி.பி. பார்க்க வந்துவிட்டார். நர்ஸ் போன பிறகு, “என்ன மச்சான்?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல. வந்து சொல்றேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீளமான ஒரு பெஞ்ச். வசந்தா ஒரு வாய் காபி கூடக் குடிக்கவில்லை. நிவேதா லீவு போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மெயினை ஆஃப் பண்ணியிருப்பார்களா, இன்னும் இல்லையா... நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு பயமாக இருந்தது. ரொம்பவே பயமாக இருந்தது.

பதினோரு மணி இருக்கும். வசந்தா, “அண்ணன் பாதில எழுந்து போற ஆளே இல்லங்க” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். நன்றாக முடிந்தது என்றார். வசந்தா அழுதாள். நிவேதா அழுதாள். நான் வாட்ச்மேனுக்குக் கைகொடுத்தேன். ஏன் அவருக்குக் கொடுத்தேன் என்று இன்று வரை தெரியாது.

மறுநாள் மூச்சுக் குழாயை எடுத்த பிறகு ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். வசந்தா போய்விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

“மொத வார்த்த என்னா கேட்டாரு தெரியுமா? ‘படத்தப் பாத்துடலியே?’ங்கிறாரு!”

என்ன கொள்கைப் பிடிப்பு என்று நாங்கள் மூவரும் மெய்சிலிர்த்தோம். நிவேதா என் பக்கம் திரும்பி, “கத்துக்கோங்கப்பா” என்றாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பத்தாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது ஒரு தலையணையைப் பற்றி விளக்கமாகச் சொன்னார்கள். நெஞ்செலும்பை அறுத்துத் தைத்திருக்கிறது. ஒட்டும்வரை அதிர்வு கூடாது. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் உடனே தலையணையை மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நிவேதா தன் நாற்காலியில் வைத்திருந்த பச்சைக்கிளி போட்ட சின்னத் தலையணையை மாமாவுக்குக் கொடுத்தாள். ஆறடி மனிதர் கிளித் தலையணையைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வீடெல்லாம் நடந்தார். சிரிக்க வேண்டும் என்றால் முதலில் தலையணை, பிறகு சிரிப்பு. அதனால் அவருடைய சிரிப்பு எல்லாம் கொஞ்சம் லேட்டாகவே வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் உட்கார்ந்தோம். மச்சான் மடியில் கிளித் தலையணை. நிவேதா படத்தை நகர்த்தி, சரியாக மிளகு குடோன் கதவில் கொண்டுவந்து நிறுத்தி, ஓட விட்டாள்.

அந்த அம்மா கதவைத் திறக்கிறார். மூட்டைகள். இருட்டு. ஒரு சத்தம் இல்லை. மச்சான் தலையணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். மறுவிநாடி டிரைவர் கால் தவறி மூட்டைக்குள் தலைகீழாக விழுந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மிளகுத்தூள் குடோன் முழுக்கப் பரவுகிறது. அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். மச்சான் மறுபடி தலையணையை அணைத்தார். அந்த அம்மா கையை எடுக்கிறார்... தும்மவில்லை! மாறாக, மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்த தடியன் ஒருவன் தும்முகிறான். அவனைப் பார்த்து அடுத்தவன். அடுத்தவனைப் பார்த்து அடுத்தவன். இருபது துப்பாக்கிகளும் இருபது பக்கம் சுடுகின்றன. ஆயுசு முழுக்கத் தும்மித் தும்மிப் பழகிய ஒரே ஆள், அங்கே தும்மாமல் நிற்கிறார். அபாரம்! ஒரு மனுஷிக்கு இருக்கிற குறையே அவளுக்குக் கவசமாகிற இடம். எழுதியவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வில்லன் மட்டும் தும்மாமல் கம்பீரமாக நடந்து வருகிறார். சிரிக்க அதில் எதுவுமே இல்லை. மச்சான் தலையணையை எடுத்து அணைத்துக்கொண்டார். இந்தத் தடவை நன்றாக இறுக்கி, கண்ணையும் மூடிக்கொண்டார்.

இரண்டு விநாடி கழித்து வில்லன் தும்மினார். தலையில் இருந்த டோப்பா பறந்து போய், பின்னால் அடியாள் ஒருவன் ஏந்தி வந்த கீரைத் தட்டில் விழுந்தது.

நிவேதா படத்தை நிறுத்தினாள்.

“மாமா, ஒரு நிமிஷம். சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே தலகாணி எப்படி வருது?”

“என்னாம்மா?”

“மூணு தடவ பாத்துட்டேன். எங்க லேபுல ஒரு ரிசல்ட் மூணு தடவ அதே மாதிரி வந்தா கையெழுத்துப் போட்டுருவோம். நீங்க இதப் பாத்திருக்கீங்க.”

மச்சான் கிளித் தலையணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

“ஆமாம்மா. நாந்தான் பாத்தேன். அந்த புதன்கெழம மத்தியானம்.”

“அண்ணே!”

“மாப்ள நல்லா தூங்குனாரு. எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் போறமே, திரும்ப ஆன் ஆவுமா ஆவாதான்னு அதே நெனப்பு. பாதிப் படத்தோட போயிட்டா என்னா பண்றதுன்னு ஒரு பயம். சிரிக்காதீங்க... நெசமாவே அதான் பயம். அந்தம்மா தும்முதா இல்லியான்னு தெரியாமயே போயிட்டன்னா? டி.வி-ய போட்டேன். சத்தம் வெச்சா மாப்ள எழுந்துருவாருன்னு சத்தத்த அடக்கிட்டு, ஊமப் படமாப் பாத்தேன். அது பாத்தத ஞாபகம் வெச்சிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“பழிய என் மேல போட்டீங்களே மச்சான்!”

“அதத்தான் மாப்ள ஆஸ்பத்திரில சொல்ல வந்தேன். அந்த நர்ஸம்மா வந்துருச்சி.”

வசந்தா எழுந்து போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பயமா இருக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ பயந்துருவ. மாப்ளகிட்ட சொன்னா பேப்பர்ல எழுதிருவாரு.”

ஒரு ஒற்றன் இதைவிட நன்றாக நடிக்க முடியுமா? மூன்று நாள் ஆஸ்பத்திரி வரிசையில் எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே, தன் பயத்தை எங்கள் ஒருவர் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருந்தவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் பயத்தைக் கண்டுபிடிக்காத எங்களை நினைத்துத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

“அப்ப எதுக்கு மாமா, கண்ணு முழிச்சதும் ‘படத்தப் பாத்துடலியே’ன்னு கேட்டீங்க? நீங்கதான் முடிவ பாத்துட்டீங்களே!” என்றாள் நிவேதா.

மச்சான் கொஞ்சம் நேராக உட்கார்ந்தார்.

“அங்கதாம்மா மாட்டிக்கிட்டேன். கடைசில எல்லாம் முடிஞ்சப்புறம் அந்தம்மா டிரைவர் பக்கம் திரும்பி ஏதோ ஒண்ணு சொல்லுது. அவனும் அழற மாதிரி தலய ஆட்டுறான். அதோட படம் முடியுது. நான்தான் சத்தத்த அடக்கிட்டனே! என்னா சொல்லுச்சின்னு தெரியல. திரும்பப் போட்டுப் பாக்கலாம்னா மாப்ள இருமிட்டாரு, ஆஃப் பண்ணிட்டு ஓடிட்டேன். மயக்க ஊசி போடறாங்க... நான் அதயேதான் யோசிச்சிக்கிட்டுக் கெடக்கறேன். என்னா சொல்லியிருக்கும்? என்னா சொல்லியிருக்கும்? முழிச்சி வந்து மொதல்ல அதக் கேட்டுடணும்னு நெனச்சிக்கிட்டேதான் போனேன். நீங்க மூணு பேரும் பாத்து முடிச்சிட்டா அப்புறம் எனக்கு யாரு போட்டுக் காட்டுவா?”

நிவேதா படத்தை ஓட விட்டாள். சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

வில்லன் பிடிபட்டார். கருவி செயலிழந்தது. குடோன் வாசலில் பனி கொட்டுகிறது. அந்த அம்மாவும் டிரைவரும் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மச்சான் தலையணையைக் கூட மறந்து, முன்னால் சாய்ந்து, அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா மெதுவாகத் திரும்பினார். சொன்னார்.

“வா, வீட்டுக்குப் போலாம். பசிக்குது.”

டிரைவர் கண் கலங்கத் தலையாட்டினார். படம் முடிந்தது.

“அட... இதுக்கா?” என்றார் மச்சான். ஆரம்பித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! தலையணையை நிவேதா எடுத்து மாமாவின் மார்பில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்ததிலிருந்து தாமதமாகவே வந்துகொண்டிருந்த சிரிப்பு, அன்றைக்கு நேரத்துக்கு வந்தது. தெருமுனை வரை கேட்டிருக்கும்.

உங்கள் வீட்டிலும் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தால்... கடைசி வசனத்தை மட்டும் சொல்லாமல் அனுப்புங்கள்!